புது மெஷின் மேல் நான் போட்ட பழி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பெரிய அத்தையும் முக்கால்வாசி சுகம், மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு தூங்காமல் முழு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லப் போவதில்லை. கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். கீழ்வீட்டுப் பூனை உன் அப்பாவின் பழைய ஷூ பெட்டியில் நாலு குட்டி போட்டிருக்கிறது, அப்பா என்னவோ தானே பிரசவம் பார்த்தவர் மாதிரி தினம் மூன்று முறை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். நீ அவருக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை வயிற்றில் ஒரு சாண் போதவில்லை, பெரிய அத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார், இப்போது கழற்ற மாட்டேன் என்கிறார், தம்பியின் வயிறு இளைக்கும்வரை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பேச்சு வேறு. நீ நாள் முழுக்க மவுஸைப் பிடித்துக்கொண்டு வரைபடம் போடுகிறாயே, மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தி வைக்காதே, மணிக்கு ஒருமுறை எழுந்து நட. இதை இருபத்திரண்டு வருடமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறேன், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஒருவரும் செய்வதில்லை, நானும் அதில் சேர்த்திதான்.

என் வேலையைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, நீ மூன்றாம் வகுப்பில் எங்க அம்மா ஆஸ்பத்திரியில ஆளுங்களுக்கு ஷாக் கொடுப்பாங்க என்று சொல்லி வைத்து, பெற்றோர் கூட்டத்தில் உன் டீச்சர் எனக்குக் கை கொடுக்காமல் தூர நின்றே சிரித்தது நினைவிருக்கும். நரம்பு சோதனை என்றால் ஒன்றுமில்லை, விரலில் எலக்ட்ரோடு ஒட்டி, மணிக்கட்டில் சின்னதாக ஒரு ஷாக் கொடுத்து, அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது, தபால் போட்டுவிட்டு எப்போது சேர்ந்தது என்று கேட்கிற மாதிரி. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று, தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் நான் மெஷினைச் சரிபார்ப்பது என் சொந்த வலது கையில்தான். இடது கையில் ஷாக் கொடுக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது மணிக்கட்டில் ஒன்று வைப்பேன், அங்கிருந்து கட்டைவிரல் சதைக்குப் போக மூன்றரை மில்லி செகண்ட், அதாவது ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக்கி அதில் மூன்றரைத் துண்டு. எந்த நாளும் மூன்றரைதான், அதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியே வைத்திருந்தேன். மெஷின் மூன்றரை என்றால் மெஷின் நல்ல மெஷின், இல்லையென்றால் மெஷினில் கோளாறு, என் கையில் கோளாறு இருக்கலாம் என்கிற யோசனை ஒரு நாளும் வந்ததில்லை, தராசு தன்னையே நிறுத்துப் பார்க்குமா என்ன.

போன வருடக் கடைசியில் பழைய மெஷின் நாலு என்று காட்ட ஆரம்பித்தது, அப்புறம் நாலரை. கிழட்டு மெஷின், அதற்கும் வயதாகாதா என்று சொல்லி டாக்டரிடம் புது மெஷின் கேட்டேன். எங்கள் டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், கேட்டதும் எழுதிப் போட்டாள். பழையது கண்ணை மூடியது, ஐந்து மாதம் அறையைப் பூட்டி என்னைக் கோப்புகள் அடுக்குகிற அறையில் உட்கார வைத்தார்கள், அங்கே தூசியில் தும்மியே பாதி ஆளாகி, ஒருவழியாகப் புது மெஷின் வந்த அன்று பெட்டியைப் பிரித்து, மாலை போடாத குறையாக வரவேற்று, வலது கையை நீட்டி ஷாக் வைத்தால் ஐந்தே முக்கால் காட்டுகிறது. எனக்கு வந்ததே கோபம். பழையது கிழடு என்று சொன்னேன் இல்லையா, புதியதைப் பார்த்து இது விவரமில்லாத சின்னப் பிள்ளை என்று சொன்னேன். அறை குளிராக இருக்கிறது, குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாகத்தான் ஓடும் என்று ஏசியை அணைத்துவிட்டு வெந்நீர்ப் பையில் கையை அரை மணி நேரம் வைத்திருந்தேன், கை சிவந்தது, நேரம் குறையவில்லை. எலக்ட்ரோடுக்கு அடியில் தடவுகிற ஜெல் மட்டமானது என்றேன், கம்பி சரியில்லை என்றேன், பக்கத்தில் லிஃப்ட் ஓடுவதால் மின்சாரத்தில் சேட்டை என்றேன், லிஃப்டை நிறுத்தச் சொல்லி இரண்டாம் மாடி ஆட்களிடம் சண்டைக்கும் போனேன்.

மெஷின் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், தொப்பை, மூக்குக் கண்ணாடி, பேச்சு மட்டும் ஊசி போட்ட குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி. மூன்று முறை வந்தார். முதல் முறை கம்பியை மாற்றினார், இரண்டாம் முறை உள்ளே இருந்த சர்க்யூட் பலகையையே மாற்றினார், மூன்றாம் முறை பயந்து பயந்து, மேடம், உங்க இடது கையில ஒரு தடவ பாத்துடலாமா என்றார். நீங்க மெஷினச் சரி பண்ண வந்தீங்களா, எனக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா என்று கேட்டுவிட்டேன். பாவம், தன் கையிலேயே எலக்ட்ரோடு ஒட்டிப் பார்த்தார், மூன்றே கால், சுத்தமாக இருந்தது. உங்க கைக்கும் உங்க மெஷினுக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கு என்றேன். அன்றைக்கு டாக்டரும் மெதுவாக, அக்கா, உங்க கை எப்படி இருக்கு என்று கேட்டாள். கைக்கென்ன, கை நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்து டீ குடிக்கக் கோப்பையை எடுத்தேன், அது நழுவி விழுந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது கோப்பை. இப்போதெல்லாம் கோப்பைகளை வழுவழுவென்று செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீ வீடியோவில் பேசும்போது போன் இரண்டு முறை விழுந்து உனக்கு விட்டம் மட்டும் தெரிந்ததே, அதையும் இதோடு சேர்த்துக்கொள்.

இப்படி நான் தினமும் சண்டை போட்டதில் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவாகி, நாற்பது நோயாளிகளிடம் அப்புறம் வாருங்கள் என்று சொல்லியாகிவிட்டது. அனுப்புவதற்கு முன் மெஷின் பொய் சொல்கிறது என்று எல்லோர் முன்னாலும் நிரூபிக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் அப்பாவுக்குப் பதினோரு வருடமாக நரம்பில் கோளாறு என்பது ஊரறிந்த விஷயம். பாத்திரம் கழுவக் கூப்பிட்டால் கை மரத்துப் போகிறது, விடியற்காலையில் விரல் ஊசி குத்துகிறது, உதறினால்தான் சரியாகிறது என்பார், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று எண்ணி வேறு காட்டுவார், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டவர்கள் சொல்வது அச்சு அசலாக அதேதான். சோதனைக்கு வாருங்கள் என்றால் மட்டும் அடுத்த வாரம் என்பார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று நானும் விட்டுவிட்டேன். அவரைக் கூட்டிப் போய் உட்கார வைப்போம், என் நல்ல கையைக் கெட்டது என்ற இந்த மெஷின் அவருடைய கெட்ட கையை நல்ல கை என்று சொல்லட்டும், குட்டு உடைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். துணைக்குப் பெரிய அத்தையையும் கூட்டிப் போனேன், கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பார்.

முதலில் அத்தை. ஷாக் வைத்ததும் விரல் தானாகத் துள்ளுவதைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு, கூச்சம் தாங்காமல் காலை உதறி, மெஷினைத் திரும்ப எடுத்துப் போக வந்திருந்த கம்பெனி மெஷின்காரரின் முழங்காலில் ஓர் உதை, அவர் வலியோடு பரவாயில்லம்மா என்கிறார். எல்லாம் நார்மல் என்று வந்தது. உடனே அத்தை அதை ஒரு தாளில் அடித்து டாக்டர் கையெழுத்தோடு கொடுத்தால்தான் இடத்தை விட்டு எழுந்திருப்பேன் என்று பிடிவாதம், எங்க வீட்டுல அம்பது வருஷமா இத ஒருத்தரும் ஒத்துக்கல என்றார். இப்போது அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார், வருகிறவர்களுக்கு முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் கொடுக்கிறார்.

அப்புறம் உன் அப்பா. வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்தார், ஷாக் பயம் என்று நினைத்தேன். மூன்று புள்ளி ஒன்று வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வேகம் விநாடிக்கு அறுபத்திரண்டு மீட்டர். இருபத்தைந்து வயசு ஆளோட நரம்பு சார் உங்களுக்கு என்று மெஷின்காரர் வாயைப் பிளந்தார். நான் வெற்றி பெற்றவள் மாதிரி எழுந்து நின்று, பாத்தீங்களா டாக்டர், பதினோரு வருஷமா மரத்துப் போன கைய இந்த மெஷின் தங்கம்னு சொல்லுது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் என்றேன். டாக்டர் பெருமூச்சு விட்டுத் திருப்பி அனுப்பும் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தாள், மெஷின்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அப்போது உன் அப்பா எலக்ட்ரோடு தொங்குகிற கையைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மேலே தூக்கினார். டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க என்றார். மெஷின் சரியாத்தான் சொல்லுது, என் கை எப்பவும் நல்லாத்தான் இருந்துது, பாத்திரம் கழுவச் சொன்னா மட்டுந்தான் மரத்துப் போகும் என்றார்.

பதினோரு வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், சோறு போட்டது நான். எந்த விரல் மரத்துப் போகும், எப்போது ஊசி குத்தும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிறாயா, நான்தான், தினமும் சாப்பிடும்போது அன்றைய நோயாளிகளின் கதையை உட்கார்ந்து சொன்னேனே. மாலையில் அவர் நண்பர்களோடு சீட்டைக் கலைத்துப் போடும்போது விரல்கள் தண்ணீர் மாதிரி ஓடும், அதைப் பார்த்து நரம்புக்கு நல்ல பயிற்சி, விடாமல் ஆடுங்கள் என்று ஆலோசனை சொன்னவளும் நானே. அவரைக் கடித்துக் குதறலாம் என்று வாயைத் திறந்தேன், அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கை நல்ல கை என்றால் மெஷின் சொன்னது சரி. மெஷின் சொன்னது சரி என்றால் என் கை. எல்லோரும் என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அத்தை மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்றார். நார்மல் என்று தாள் கிடைத்த தைரியம்.

டாக்டர் என்னை நோயாளி நாற்காலியில் உட்கார வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அதில் நான் உட்கார்ந்ததே இல்லை, ஒரு கால் ஆடும் என்பது அன்றுதான் தெரியும், இத்தனை பேர் உட்கார்ந்தார்கள், ஒருவராவது சொன்னார்களா. ஷாக் எனக்குப் பழக்கம், அடுத்தது ஊசி, தசைக்குள் மெல்லிய ஊசியை விட்டு அதன் மின்சாரத்தைக் கேட்பது, அது டாக்டர் செய்வது. எத்தனையோ ஆயிரம் பேர் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். கட்டைவிரல் அடிச் சதையில் அது இறங்கியதும் நான் போட்ட அலறலில் டாக்டரைப் பார்க்க வெளியே காத்திருந்த மூன்று பேரும் எழுந்து போய்விட்டார்கள், அதில் ஒருவர் தடி ஊன்றி வந்தவர், தடி இங்கேயே இருக்கிறது, இன்னும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அது எறும்பில்லை அம்மாடி, எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது, அத்தனை பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நல்ல தசை சும்மா இருக்கும்போது மெஷினும் சத்தம் போடாமல் இருக்கும். நான் கையை அசைக்காமல்தான் வைத்திருந்தேன், மெஷினில் தகரத்தின் மேல் மழைத் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் டாக்டர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நரம்பு தசையைக் கைவிட ஆரம்பித்தால் வருகிற சத்தம் அது. மற்றவர்கள் கையில் அதைக் கேட்டு எழுதி எழுதி எனக்குப் பழக்கம், என் கையிலிருந்து வந்தபோது டாக்டர் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அக்கா, இப்போ ஆபரேஷன் பண்ணினா மீட்டுடலாம், ஒரு வருஷம் போச்சுன்னா கட்டைவிரல் திரும்பாது என்றாள். பார்ப்போம் என்றேன். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான், அதுவரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், நோயாளி யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து நின்று திட்டியிருப்பேன். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று நான் விரலால் தொட்டுத்தான் தேடுவேன், கத்தி கொஞ்சம் தவறினால் அந்த விரல் எனக்கு இல்லை. மெஷின்காரரிடம் மட்டும் அன்றே மன்னிப்புக் கேட்டேன், கம்பெனிக்கு நானே எழுதியும் போட்டேன், அவர் பரவால்ல மேடம், இந்த மெஷின்ல எங்களுக்கு வந்த முதல் புகாரே மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதுன்னுதான் என்று சொல்லிவிட்டுப் போனார், அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் நான் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை. உன் அப்பாவோடு பேசாமல் இருக்க எனக்கு நல்ல காரணம் கிடைத்திருந்தது, அதை வைத்து ஒப்பேற்றினேன். அவர் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார், நுரை முழங்கைவரை, தரையெல்லாம் குளம், ஒரு தட்டை மூன்று முறை கழுவுகிறார், வாணலியின் அடிப்பக்கம் என்று ஒன்று இருப்பது இன்னும் அவருக்குத் தெரியாது. பதினோராம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று போராடிக்கொண்டிருந்தேன். அவர் ஈரக் கையோடு வந்து என்னைத் திருப்பி, பொத்தானைப் போட்டுவிட்டு, இந்தா பாரு, இல்லாத நோவ இருக்குன்னு சொல்லி நான் பதினோரு வருஷம் ஏமாத்தினேன், இருக்கற நோவ இல்லேன்னு சொல்லி நீ ஏமாத்தற, ரெண்டும் ஒரே திருட்டுத்தனந்தான், நான் விட்டுட்டேன், நீயும் விட்டுடு என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொன்ன உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் என் சட்டையெல்லாம் சோப்பு நுரை ஆக்கியிருந்தார், அதற்காகவும் கொஞ்சம் அழுதேன். அன்று மத்தியானமே டாக்டரிடம் போய்ச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். அரை மணி நேரம், கையை மட்டும்தான் மரத்துப் போகச் செய்வார்களாம், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆறு வாரம் விடுப்பு. அதுவரை மெஷினைத் தினமும் சரிபார்க்க ஒரு நல்ல கை வேண்டுமே என்று டாக்டர் கேட்டதற்கு உன் அப்பா தானாகவே முன்வந்துவிட்டார், தினமும் காலை எட்டு மணிக்குப் போய் ஷாக் வாங்கிக்கொண்டு வருவார், அவருடைய மூன்று புள்ளி ஒன்றைத்தான் இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், அதைப் பற்றி அவர் பீற்றிக்கொள்வதைக் கேட்க முடியவில்லை. நீ விடுப்புப் போட்டுக்கொண்டு ஓடி வராதே, இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். போன் செய்தால் அப்பாவைக் கேலி செய்யாதே, ரோஷம் வந்து பாத்திரத்தை நிறுத்திவிடுவார், ஆறு வாரம் கழித்துக் கேலி செய்துகொள்ளலாம். வேளைக்குச் சாப்பிடு, வீட்டுச் சொந்தக்காரரோடு சண்டை போடாதே, போட்டால் தோற்காதே. நீ நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

எழுத்து கோணல் மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இதை எழுதி முடிக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. ஒரு பக்கத்துக்கு நாலைந்து முறை பேனா விழுகிறது, உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்து எடுத்துக் கொடுக்கிறார். நீ சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். வியாழக்கிழமைக்குப் பிறகு இந்தக் கை எப்படி எழுதும் என்று தெரியாது. முன்னைவிட நன்றாக எழுதும் என்று டாக்டர் சொல்கிறாள், நானும் நம்புகிறேன். இருந்தாலும், அம்மாடி, இதுவரை எழுதின கையால் எழுதியது ஒன்று உன்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வலது கையாலேயே கையெழுத்திடும்
உன் அம்மா